ஒளியைச் சுமந்து சென்றவர்

காவிரியின் தென்கரையில் திருச்சிராப்பள்ளி. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே திருவரங்கம். பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் நிகழ்த்தும் அரையர் சேவை திருவரங்கத்தில் பல நூற்றாண்டுகளாக நடைபெற்று வருகிறது. கதையைக் காண வேண்டுமாயின் கலைஞர் கண்முன் நிற்க வேண்டும் என்பதே இப்பகுதி மக்கள் அறிந்த வழக்கம். கலைஞர் எதிரே இல்லாமலேயே கதையைக் காட்டும் கருவி ஒன்றை 1905 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் விலைகொடுத்து வாங்கியவர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

1883 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்த அவர், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றினார். மாத ஊதியம் 25 ரூபாய். அந்நாளில் ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டிவந்த டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர், திருச்சிராப்பள்ளிக்கு வந்தபோது நோயுற்றார். தாயகம் திரும்ப விரும்பிய அவர், தம் கருவியையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். வின்சென்டின் ஆறாண்டு ஊதியத்தையும் விஞ்சிய தொகை. பாரிசில் லூமியர் சகோதரர்கள் பொதுமக்களுக்குப் படம் காட்டிப் பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. இத்தொழில் நிலைக்குமா என்று எவரும் உறுதி கூற இயலாத காலம் அது. எனினும், இருபத்திரண்டு வயது இளைஞரான வின்சென்ட் பணம் திரட்டிக் கருவியை வாங்கினார். நிலையான அரும்பணியையும் துறந்தார்.

அக்காலக் கருவியை இயக்குவது எளிதன்று. கைப்பிடியைச் சுழற்றினால் படச்சுருள் நகரும். நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் விளக்கின்முன் ஒவ்வொன்றாக நின்று நின்று செல்ல வேண்டும். ஒரு படம் விலகி அடுத்தது வரும் இடைவெளியில், சுழலும் தகடு ஒளியை மறைக்கும். கை விரைந்தால் திரையில் மனிதர் ஓடுவர். கை தளர்ந்தால் தயங்கி நடப்பர். படச்சுருளோ எளிதில் தீப்பற்றக் கூடியது. சுருள் நகராது விளக்கின்முன் நின்றுவிட்டால் பெருந்தீங்கு நேரும். ஆகவே, இயக்குபவரின் கை உறுதியே காட்சிக்கு உயிராகவும் காவலாகவும் விளங்கியது.

இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் மௌனப்படம் முதலியவற்றைத் திருச்சிராப்பள்ளியில் திரையிட்ட வின்சென்ட், கூடாரத்துடன் பயணம் புறப்பட்டார். 1909 இல் சென்னை எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் அமைத்துப் படம் காட்டினார். வடமேற்கே பெஷாவர், கிழக்கே பர்மா என அவருடைய பயணம் விரிந்தது. படம் காட்டும் தொழிலில் இறங்கிய முதல் தென்னிந்தியராக அவர் போற்றப்படுகிறார்.

கூடாரம் பிரித்தால் மறுநாள் அங்குத் திரை இராது. திரைக்கு நிலையான இல்லம் வேண்டும் எனக் கருதிய அவர், 1914 இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் அரங்கைக் கட்டினார். பின்னர் மின்னாக்கம், மின்விசையால் இயங்கும் அச்சகம், அரிசி ஆலை ஆகியவற்றிலும் ஈடுபட்டார். படம் பேசத் தொடங்கியபின், கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்துடன் இணைந்து, டி. பி. இராஜலட்சுமி நடித்த வள்ளி திருமணம் என்னும் படத்தை 1933 இல் உருவாக்கினார்.

1942 இல் வின்சென்ட் மறைந்தார். நோயுற்ற பயணி ஒருவர் விற்றுச் சென்ற கருவி, அவருடைய உழைப்பால் தமிழகத்தில் ஒரு தொழிலாக வேரூன்றியது. அவர் கட்டிய அரங்கின் பெயரைக் கோயம்புத்தூரின் வெரைட்டி ஹால் சாலை தாங்கி நிற்கிறது.