எலும்புகளிடம் பாடம் கேட்ட அறிஞர் அப்துல் லத்தீப் பக்தாதி (ரஹ்)

உங்கள் இல்லத்துப் பிள்ளை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருக்கக் கூடும். முதலாண்டிலேயே உடற்கூற்றுப் பாடம் அவனை மலைக்க வைக்கும். 206 எலும்புகள், அவற்றின் மேடு பள்ளங்கள், அவற்றைச் சூழ்ந்த தசைகள், நரம்புகள், நாளங்கள் என எல்லாவற்றையும் எவ்வாறு கற்று முடிப்பது எனக் கலங்குவான். அவனுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லத்தக்க வாழ்க்கை ஒன்று உண்டு. அது அறிஞர் அப்துல் லத்தீப் பக்தாதி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையாகும்.

ஹிஜ்ரி 557இல், அதாவது கி.பி. 1162இல், பக்தாத் மாநகரில் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் இளமையிலேயே ஹதீஸ் அவைகளுக்கு அழைத்துச் சென்றார்கள். பின்னர் இலக்கணப் பேரறிஞர் கமாலுத்தீன் அன்பாரி அவர்களிடம் சேர்த்தார்கள். அங்கே மற்ற மாணவர்கள் வியந்து கேட்ட விளக்கத்தில் ஒரு சொல்லும் இவர்களுக்கு விளங்கவில்லை. ஆசிரியர், தம் மாணவரான வஜீஹ் வாஸிதி அவர்களிடம் அடிப்படையைக் கற்று வருமாறு அனுப்பினார்கள். வஜீஹ் அவர்கள் கண்பார்வையற்றவர்கள். பள்ளிவாசலில் பாடம் சொன்னதோடு நில்லாமல், வீடு திரும்பும் வழியிலும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் பதிய வைத்தார்கள். ஒன்றுமே விளங்காது விழித்த சிறுவர், காலப்போக்கில் சக மாணவர்களை விஞ்சி நின்றார்.

பிற்காலத்தில் மோசுல், தமிஷ்க் வழியாக எகிப்து சென்ற அவர்கள், கெய்ரோவின் அல்அஸ்ஹர் பள்ளிவாசலில் பாடம் நடத்தினார்கள். காலையிலும் மாலையிலும் அங்கே போதனை; நண்பகலில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம்; இரவு தம் சொந்தப் படிப்பு. ஆசிரியரான பின்னரும் அவர்கள் மாணவராகவே வாழ்ந்தார்கள்.

மருத்துவ மாணவர்கள் கிரேக்க மேதை கேலனின் உடற்கூற்று நூலை ஓதியபோது ஓர் இடர்ப்பாடு எழுந்தது. சொல்லால் விளக்கியது அவர்கள் உள்ளத்தில் உருப்பெறவில்லை. நம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலை எண்ணிப் பாருங்கள். மண்ணின் பக்குவத்தை நூலில் எவ்வளவு படித்தாலும், அதைப் பிசைந்து, அச்சிலிட்டு, சூளையில் சுட்டவனே அத்தொழிலை அறிவான். மண்ணால் படைக்கப்பட்ட மனித உடலை அறிவதற்கும் அதுவே வழி.

அக்காலத்தில், 1200 முதல் 1202 வரை, நைல் நதியில் நீர் குன்றி எகிப்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. கெய்ரோவை அடுத்த மக்ஸ் என்னுமிடத்தில் அடக்கம் செய்வாரின்றி எலும்புகள் குன்றெனக் குவிந்து கிடந்தன. அறிஞர் தம் மாணவர்களோடு அங்கே சென்றார்கள். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளின் இணைப்பு என்று கேலன் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக மருத்துவ உலகம் அதை ஏற்றிருந்தது. அங்கே கண்டதோ இணைப்பே இல்லாத ஒரே எலும்பு!

அவர்கள் உடனே தீர்ப்பளித்துவிடவில்லை. தம் கண்ணையும் ஐயுற்றார்கள். 2,000க்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்தார்கள். தாம் இல்லாதபோதும் பார்த்துச் சொல்லுமாறு பிறரைப் பணித்தார்கள். அதன் பின்னரே கேலனின் கூற்றை மறுத்து எழுதினார்கள். அப்போதும் கேலன் மீதிருந்த மதிப்பில் குறை வைக்கவில்லை. கருவில் இரு பாதிகளாக உருவாகும் கீழ்த்தாடை, பிறந்த முதலாண்டில் ஒன்றாகிவிடுகிறது என்பது இன்றைய அறிவியலின் முடிவு. ஐரோப்பாவில் வெசாலியஸ் கேலனின் பிழைகளைத் திருத்தி நூல் வெளியிட்டது 1543ஆம் ஆண்டில்தான்.

மாணவர்களுக்கு அவர்கள் கூறிய அறிவுரைகளையும் கேளுங்கள். ஒரு நூலைப் படித்தால், அது நாளையே தொலைந்துவிடும் என்று கருதி அதன் பொருளை முழுமையாக உள்ளத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரே வேளையில் இரு கலைகளில் கவனத்தைச் சிதறவிடலாகாது. எவ்வளவு கூர்மதி இருப்பினும் ஆசிரியரின்றி நூலை மட்டும் நம்பலாகாது. கற்றதைப் பிறரோடு உரையாடித் தெளிய வேண்டும். இரவு உறங்குமுன் அன்றைய நாளைத் தனக்குத்தானே கணக்குப் பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளை இவ்வைந்தையும் கடைப்பிடித்தால் உடற்கூற்றுப் பாடம் எளிதாகும்.

மற்றொன்றையும் அவனுக்குச் சொல்லுங்கள். மக்ஸில் பாடம் சொன்னவை பசியால் மாண்ட ஏழைகளின் எலும்புகள். இன்று கல்லூரி மேசையில் கிடத்தப்பட்டிருக்கும் உடலும் ஒரு தாய் பெற்ற பிள்ளையின் உடலே. இறந்தவரின் எலும்புக்கும் கண்ணியம் உண்டென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். பேசாத அந்த ஆசானுக்கு முன் கேலிப்பேச்சு கூடாது. அரைகுறைப் படிப்பும் கூடாது. நாளை நோயாளி ஒருவரின் உயிர், இன்று அவன் கற்பதைப் பொறுத்தே இருக்கிறது.

ஹஜ் செய்ய நாடிப் புறப்பட்ட அறிஞர் அவர்கள், வழியில் தாம் பிறந்த பக்தாதிலேயே 1231இல் இறையடி சேர்ந்தார்கள். தந்தையாரின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைப் பேணும் உள்ளத்தையும் அருள்வானாக! ஆமீன்.