திரையில் வளையும் கோடும் டெகார்ட்டும்

கணித மென்பொருளில் பிளாட் என்று கட்டளையிட்டால் கண் இமைக்கும் நேரத்தில் வளைகோடு திரையில் வந்துவிடுகிறது. பொறியியல் படிக்கும் நான் மேட்லேப்பில் வாரந்தோறும் இதைச் செய்கிறேன். இந்த வேலையின் வேர் 1637-இல் வெளிவந்த ஒரு நூலில் இருக்கிறது. அதை எழுதியவர் ரெனே டெகார்ட்.

1596 மார்ச் 31-இல் பிரான்சின் லா ஹே என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊருக்கு இன்று அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. மறு ஆண்டே தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். உடல் மெலிந்த பிள்ளை என்பதால் பள்ளியில் தாமதமாக எழ அனுமதி பெற்றிருந்தார். சட்டம் படித்தும் வழக்கறிஞர் ஆகவில்லை. 1618-இல் நெதர்லாந்தில் படையில் சேர்ந்தார். அங்கே பிரேடா நகரில் சந்தித்த ஐசக் பீக்மன் என்ற அறிஞர்தான் அவரைக் கணிதத்தின் பக்கம் திருப்பினார்.

அன்று இயற்கணிதம் ஒரு பக்கம், வடிவியல் ஒரு பக்கம் என்று இருந்தன. டெகார்ட் இரண்டையும் இணைத்தார். சமன்பாட்டில் ஒன்றுக்கு மதிப்புக் கொடுத்து மற்றதைக் கணக்கிட்டால் ஒரு புள்ளி கிடைக்கும். மதிப்பை மாற்றிக்கொண்டே போனால் முடிவில்லாத புள்ளிகள் கிடைக்கும். அவை சேர்ந்தால் வளைகோடு. அதே காலத்தில் ஃபெர்மாவும் தனியாக இவ்வழியைக் கண்டார். தெரியாத அளவுகளை எக்ஸ், ஒய், இசட் என்று எழுதும் வழக்கம் டெகார்ட் தந்தது. நாம் படித்த அச்சுத்தூரத்துக்குக் கார்ட்டீசியன் என்ற பெயர் வந்ததும் அவரால்தான்.

1649-இல் அரசி கிறிஸ்டினாவின் அழைப்பை ஏற்றுச் சுவீடன் சென்றார். தாமதமாக எழுந்தே பழகியவர், கடுங்குளிரில் விடியற்காலை 5 மணிக்குப் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. 1650 பிப்ரவரி 11-இல், 53 வயதில், நுரையீரல் அழற்சியால் ஸ்டாக்ஹோமில் காலமானார்.

மென்பொருள் செய்வதும் அவர் சொன்ன வேலைதான். ஆனால் முடிவில்லாத புள்ளிகளை அதனால் கணக்கிட முடியாது. 0 முதல் 360 பாகைக்குள் 100 மதிப்புகளைக் கொடுத்தால், 100 புள்ளிகளைக் குறித்து அடுத்தடுத்தவற்றை நேர்க்கோட்டால் இணைக்கும். நமக்கு வளைவாகத் தெரிவது 99 குட்டி நேர்க்கோடுகள்தான். டேன் சார்பை வரையச் சொல்லிப் பாருங்கள். 90 பாகையில் அதற்கு மதிப்பே கிடையாது. ஆனாலும் மென்பொருள் இருபக்கப் புள்ளிகளையும் இணைத்து, ஏறக்குறைய செங்குத்தாக ஒரு கோட்டைப் போட்டுவிடும். அதை உண்மை என்று நம்பினால் விடையும் தவறிவிடும்.

நம்புவதற்கு முன் ஐயப்படச் சொன்னவர் டெகார்ட். திரையில் கோடு வந்ததும் நான்கைந்து புள்ளிகளையாவது கையால் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.