வக்கீல்களை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தவர்: எம்.சி. செதல்வாட்

நம் அங்கத்தினர் குடும்பங்களில் மூன்று தலைமுறைக்குள் ஒரு வக்கீலாவது இல்லாத வீடு அபூர்வம். இன்று சட்டம் படித்துத் தேறிய ஒரு பெண்ணோ பிள்ளையோ சென்னையில் பதிவு செய்துகொண்டு மும்பையிலோ டெல்லியிலோ தொழில் செய்யலாம். நம் தாத்தாக்கள் காலத்தில் இந்தச் சௌகரியம் கிடையாது. அது வந்த விதத்தைப் புரிந்துகொள்ள, சுதந்திர பாரதத்தின் முதல் அட்டர்னி ஜெனரலான எம்.சி. செதல்வாட் அவர்களின் வாழ்க்கையை அறிவது அவசியம்.

மோதிலால் சிமன்லால் செதல்வாட் 1884-ம் ஆண்டு நவம்பர் 12-ம் தேதி ஆமதாபாத்தில் பிறந்தார். தந்தை சர் சிமன்லால் செதல்வாட் பம்பாயின் பிரபல வக்கீல். ஜாலியன்வாலா பாக் படுகொலை பற்றி விசாரித்த ஹண்டர் கமிட்டியில் அங்கம் வகித்தவர். மகனும் பம்பாய் உயர்நீதிமன்றத்திலேயே தொழில் பழகி, 1937-ல் பம்பாய் மாகாண அட்வகேட் ஜெனரல் ஆனார். 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை அரசு அடக்கத் தொடங்கியதும் அப்பதவியை ராஜினாமா செய்தார். பதவியைவிட மனசாட்சி பெரிது என்ற இந்தக் குணம் கடைசிவரை அவரிடம் இருந்தது.

1948-ல் காஷ்மீர் விவகாரம் ஐ.நா. சபைக்குப் போனபோது, நம் என். கோபாலஸ்வாமி ஐயங்கார் தலைமையில் சென்ற குழுவில் செதல்வாடும் இருந்தார். 1950 ஜனவரியில் அட்டர்னி ஜெனரலாகப் பொறுப்பேற்று 1963 வரை 13 ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். அவ்வளவு நீண்ட காலம் அதில் இருந்தவர் வேறு எவரும் இல்லை. 1957-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். தாத்ரா, நாகர் ஹவேலி பகுதிகளுக்குச் செல்ல வழி கேட்டுப் போர்ச்சுகல் தொடுத்த வழக்கில், ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் இந்தியாவுக்காக வாதாடியவரும் அவரே.

அரசாங்கத்தின் வக்கீலாக இருந்தும் அவர் அரசாங்கத்துக்குத் தலையாட்டியதில்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் முந்த்ரா கம்பெனிகளில் முதலீடு செய்யப்பட்டது பற்றி 1958-ல் நீதிபதி சாக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். விசாரணைக்கு உதவியாக ஆஜரான செதல்வாட், ஆளும் தரப்பு என்று பார்த்து எதையும் மூடி மறைக்கவில்லை. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது.

இனி வக்கீல் தொழிலுக்கு அவர் செய்ததைப் பார்ப்போம். அந்நாளில் வக்கீல், ப்ளீடர், முக்தார், அட்வகேட், அட்டர்னி என்று பல படிகள் இருந்தன. பாரிஸ்டர்களுக்குத் தனி மரியாதை. ஓர் உயர்நீதிமன்றத்தில் பதிவு பெற்றவர் வேறோர் உயர்நீதிமன்றத்தில் உரிமையோடு நின்று வாதாட முடியாது. 1926-ம் ஆண்டுச் சட்டப்படி பார் கவுன்சில்கள் ஏற்பட்டாலும், ஒரு வக்கீல் மீது நடவடிக்கை எடுக்கும் இறுதி அதிகாரம் உயர்நீதிமன்றத்திடமே இருந்தது.

இதை மாற்ற, நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையில் 1951-ல் அகில இந்திய பார் கமிட்டி அமைக்கப்பட்டது. செதல்வாட் அதில் ஓர் அங்கத்தினர். பிறகு 1955-ல் ஏற்பட்ட சுதந்திர இந்தியாவின் முதல் சட்டக் கமிஷனுக்கு அவரே தலைவர். சென்னை அட்வகேட் ஜெனரல் வி.கே. திருவேங்கடாச்சாரியும் அதில் இருந்தார். நீதி நிர்வாகச் சீர்திருத்தம் பற்றி 1958-ல் வந்த அதன் 14-வது அறிக்கை, நீதிபதிகள் நியமனத்தில் புகுந்த சிபாரிசுகளையும், சட்டக் கல்லூரிகளின் தரக் குறைவையும் தயவு தாட்சண்யமின்றி எடுத்துக்காட்டியது. ஓய்வுபெற்ற நீதிபதிகள் அரசுப் பதவி ஏற்கலாகாது என்றும் சொன்னது. அதில் கையெழுத்திட்ட சாக்ளாவே சீக்கிரத்தில் அமெரிக்கத் தூதர் பதவியை ஏற்றபோது, நெடுநாள் நண்பர் என்றும் பாராமல் செதல்வாட் அதைக் கண்டித்தார்.

இந்த உழைப்பின் பலனாக 1961-ல் அட்வகேட்ஸ் சட்டம் நிறைவேறி, இந்திய பார் கவுன்சில் பிறந்தது. அதன் முதல் தலைவர் செதல்வாட். தொழில் ஒழுக்க விதிகளை வகுப்பது, சட்டக் கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது, மாநில கவுன்சில்களின் ஒழுங்கு நடவடிக்கைகள் மீது அப்பீல் கேட்பது ஆகியவை அதன் முக்கியப் பணிகள். கட்சிக்காரர் ஒருவர் தம் வக்கீல் மோசம் செய்துவிட்டார் என்று புகார் கொடுத்தால், அதை விசாரிப்பவர்கள் வக்கீல்களே. இறுதி அப்பீல் மட்டும் உச்ச நீதிமன்றத்துக்கு.

இத்துடன் இன்னொரு ஸ்தாபனத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1960-ல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்த இந்திய பார் அசோசியேஷனுக்கும் முதல் தலைவர் இவரே. பார் கவுன்சில் சட்டத்தால் ஏற்பட்டது. தொழில் செய்ய அதில் பதிவு கட்டாயம். அசோசியேஷனோ விரும்பிச் சேர்வது. முன்னது வக்கீல்களைக் கட்டுப்படுத்தவும் தண்டிக்கவும் அதிகாரம் உள்ளது. பின்னதற்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் சட்டத்தின் ஆட்சிக்கு ஆபத்து வரும்போது சுதந்திரமாகக் குரல் கொடுக்க முடியும். இரண்டும் தேவை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அந்தக் குரலின் அவசியம் 1973 ஏப்ரலில் தெரிந்தது. மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டபோது நாடெங்கும் வக்கீல் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. 88 வயதான செதல்வாடும் பிற சட்ட நிபுணர்களோடு சேர்ந்து கண்டனம் செய்தார். அடுத்த ஆண்டு, 1974 ஆகஸ்டு 1-ம் தேதி காலமானார்.

நாடெங்கும் தொழில் செய்யும் உரிமையைத் தரும் சட்டத்தின் 30-வது பிரிவு, 50 ஆண்டுகள் காத்திருந்து 2011 ஜூன் 15-ம் தேதிதான் முழுமையாக அமலுக்கு வந்தது. அதைக் காண அவர் இல்லை. தங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ளும் உரிமையை வக்கீல்களுக்குப் பெற்றுத் தந்தவர்களுள் முதன்மையானவர் அவர். தவறு செய்யும் சக வக்கீலைத் தட்டிக் கேட்கும் துணிவு இருக்கும்வரைதான் அந்த உரிமைக்கு மதிப்பு உண்டு. கறுப்பு கோட்டு அணியும் நம் வீட்டுப் பிள்ளைகள் இதை மனதில் கொள்ள வேண்டும்.