காவி கட்டியவர் அமைத்த மேடை

நெய்வேலியிலே வாழ்கிறவனுக்கு ஒன்று தெரியும். மேல்மண்ணைக் கண்டு மலைத்து நின்றவன் நிலக்கரியைக் கண்டதில்லை. சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு நம் சுரங்கம்தான் நினைவுக்கு வந்தது. காவி உடை, முருக பக்தி, வள்ளி திருமணம், பவளக்கொடி! இவற்றைக் கண்டே நம்மில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். புராணக் குப்பை என்று மேடைதோறும் முழங்கினோம். முழங்கியது தவறென்று இன்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் நாம் ஏறி நின்று முழங்கிய மேடை யாருடையது, தோழர்களே?

தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர். தந்தையிடம் தமிழ் கற்று, பழநி தண்டபாணி சுவாமிகளிடம் புலமை பெற்று, உப்புக் கம்பெனியிலே கணக்கெழுதியவர். இருபத்து நான்காம் வயதில் கணக்கேட்டை மூடினார், நாடகத்தில் புகுந்தார்.

எப்படிப்பட்ட நாடகம்? ஏடு கிடையாது, வாயில் வந்ததே வசனம். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மேடையிலேயே மல்லுக்கு நிற்பார்கள். குடித்துவிட்டு வந்து கூத்தைக் கெடுத்தவர்களும் உண்டு. கூத்தாடி என்று ஊர் ஏளனம் செய்த காலம். அந்த மேடைக்கு எழுத்தைக் கொண்டுவந்தார் சுவாமிகள். ஏறத்தாழ நாற்பது நாடகங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஏழை உழவனும் வெண்பாவையும் விருத்தத்தையும் விடிய விடிய உட்கார்ந்து கேட்டான். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டையும் சிம்பலினையும்கூட அவர் தமிழாக்கினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் நடிகராகத்தான் இருந்தார். சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனவரைக் கண்டு, கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சி உயிர்விட்டாள் என்றும், அன்றோடு அவர் வேடத்தைத் துறந்தார் என்றும் சொல்வார்கள். அதன்பின் ஆசிரியரானார்.

பெரியவர்கள் திருந்தமாட்டார்கள் என்று கண்டவர் சிறுவர்களை அழைத்தார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபை. 1918-இல் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. குரலும் உடலும் நினைவும் நாள்தோறும் பயிலவேண்டிய கருவிகள் என்பதே அங்கே பாடம். போலந்து நாட்டின் ஓப்போலே நகரில் 1959-இல் தொடங்கிய தம் சிறு குழுவில் நடிகனின் உடலையும் குரலையுமே நம்பிச் சோதனை செய்தார் குரோட்டோவ்ஸ்கி. உலகம் வியந்தது. நாமும் வியந்தோம். மதுரையில் நடந்த சோதனைக்கு நாம் வைத்த பெயரோ பாய்ஸ் கம்பெனி! சிறுவன் சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தாராம். அந்தச் சிறுவனே பின்னாளில் அவ்வை சண்முகம்.

புகழ்பாடுவோர் மறைப்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குப் போகவேண்டிய பருவத்தில் பிள்ளைகள் இரவெல்லாம் விழித்தார்கள். பாடம் பிசகினால் அடி. குரல் உடைந்தால் வேடம் போயிற்று. பெண்ணுக்கு அங்கே இடமில்லை. அவள் வேடத்தையும் பையனே கட்டினான். பாய்ஸ் கம்பெனிகளின் இந்தக் கணக்கு சுவாமிகளின் பெயரிலும் எழுதப்படவேண்டும்.

ஆனால் மறுபக்கத்தையும் புரட்டுங்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தச் சபையில் பயின்றவர்கள். அவர்கள் கம்பெனியில் வளர்ந்தவர்கள் கலைவாணரும் கே.ஆர். இராமசாமியும். அண்ணாவின் வேலைக்காரியை மேடையேற்றியது அந்த இராமசாமியின் குழு! புராண இருளைக் கிழித்த வசனத்தைப் பிசகாமல் பேசிய நாவுக்குப் பயிற்சி எங்கிருந்து வந்தது? வள்ளியும் முருகனும் வாதிட்ட மேடையிலிருந்து வந்தது.

1921-இல் பக்கவாதம் அவரை வீழ்த்திற்று. சொல்லால் ஆண்டவர் சொல்லிழந்தார். அப்போதும் பிள்ளைகளோடேயே ஊர் ஊராகச் சென்றார். 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுவையில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் இருக்கிறது அவர் நினைவிடம். நெய்வேலியிலிருந்து பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரம். வருகிற நவம்பரில் நான் போகிறேன். கறுப்புச் சட்டையோடுதான்.