ஒரே அணுக்கள், இரண்டு வடிவங்கள்: லூயி பாஸ்டரின் கதை

லூயி பாஸ்டர் என்றதும் நம்மில் பலருக்குப் பாலும் தடுப்பூசியும்தான் நினைவுக்கு வரும். பால் பொட்டலத்தில் நாம் பார்க்கும் ‘பாஸ்டரைஸ்ட்’ என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்தது. ஆனால், அவர் மருத்துவர் அல்லர்; வேதியியல் படித்தவர். பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் எனக்கு முதலாண்டில் அணு, வேதிப்பிணைப்பு, அறிவியல் முறை மூன்றும் தனித்தனிப் பாடங்களாகவே வந்தன. அந்த மூன்றையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சேர்த்துப் பார்க்கலாம் என்பதால் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

பாஸ்டர் 1822 டிசம்பர் 27ஆம் தேதி பிரான்சின் டோல் நகரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடுபவர். அர்புவா என்ற சிற்றூரில் வளர்ந்த சிறுவனுக்கு ஓவியத்தில் நல்ல கைத்திறன் இருந்தது. 1842ல் எழுதிய அறிவியல் பட்டத் தேர்வில், வேதியியலில் அவருக்குக் கிடைத்த மதிப்பீடு ‘சுமார்’தான். அதே ஆண்டு பாரிசின் எக்கோல் நோர்மால் கல்லூரிக்கான தேர்வில் தேறினார். ஆனால், தரநிலை மனநிறைவு தராததால் மீண்டும் படித்து, மறு ஆண்டு இன்னும் மேலான இடம் பெற்றுச் சேர்ந்தார்.

1848ல், 25 வயதில், அவர் ஒரு புதிரை எடுத்துக்கொண்டார். நம் வீட்டு ரசத்துக்குப் புளிப்பைத் தரும் புளியில் டார்டாரிக் அமிலம் உண்டு. அன்று ஐரோப்பாவில் அது திராட்சை மது ஊறும் பீப்பாய்களின் வண்டலிலிருந்து கிடைத்தது. அந்த அமிலத்தின் கரைசல், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை வலப்பக்கம் திருப்பும். அதே வகை அணுக்கள், அதே எண்ணிக்கையில் கொண்ட இன்னோர் அமிலமும் இருந்தது. அது ஒளியைத் திருப்பவே இல்லை. அணுக்கள் ஒன்றாக இருக்க, குணம் மட்டும் ஏன் வேறுபடுகிறது?

பாஸ்டர் இரண்டாவது அமிலத்தின் உப்பைப் படிகமாக்கி, உருப்பெருக்கியில் உற்றுப் பார்த்தார். சில படிகங்களின் சாய்ந்த சிறுமுகம் வலப்பக்கம் இருந்தது, மற்றவற்றில் இடப்பக்கம். இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும் போல அவை ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தனியே கரைத்தார். ஒரு கரைசல் ஒளியை வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் திருப்பின. இரண்டும் சம அளவில் கலந்திருந்ததால்தான் முன்பு ஒன்றையொன்று ஈடுகட்டின. பாரிசின் குளிரும் அவருக்குக் கைகொடுத்தது. சுமார் 27 டிகிரி செல்சியசுக்கு மேல் அந்த உப்பு இப்படித் தனித்தனிப் படிகங்களாகப் பிரியாது. நம் ஊர் வெப்பத்தில், குளிரூட்டி இல்லாத அறையில், அவர் ஏமாந்திருப்பார்!

ஒரு மூலக்கூறின் குணத்தை அணுக்களின் எண்ணிக்கை மட்டுமின்றி, அவை எந்தத் திசையில் இணைந்துள்ளன என்பதும் முடிவுசெய்கிறது. 1874ல் வான்ட் ஹாஃப், லெ பெல் இருவரும் தனித்தனியே இதற்கு விளக்கம் தந்தனர். கார்பன் அணுவின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் நான்கு முனைகளை நோக்கி நீள்கின்றன. நான்கிலும் வெவ்வேறு தொகுதிகள் இணைந்தால், ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத இரண்டு வடிவங்கள் உருவாகும்.

இங்கிருந்துதான் பாஸ்டர் உயிரியலுக்குள் நுழைந்தார். இரு வடிவங்களும் கலந்த கரைசலில் பூஞ்சை வளர்ந்தபோது, அது வலப்பக்க வடிவத்தையே உண்டு, மற்றதை விட்டுவைத்தது. உயிர்கள் மூலக்கூறின் வடிவத்தை அடையாளம் காண்கின்றன என்பது இதில் தெரிந்தது. நொதித்தலையும் உயிருள்ள நுண்ணுயிர்களே செய்கின்றன என்று அவர் வாதிட்டார்.

அப்படியானால் அந்த நுண்ணுயிர்கள் எங்கிருந்து வருகின்றன? உயிரற்ற பொருளிலிருந்து அவை தாமாகத் தோன்றும் என்றார் ரூவான் நகர அறிஞர் பூஷே. காற்றிலுள்ள தூசியோடு வருகின்றன என்பது பாஸ்டரின் கருதுகோள். அன்னக் கழுத்துபோல் நீண்டு வளைந்த குடுவைகளில் சத்துநீரைக் கொதிக்கவைத்தார். காற்று உள்ளே போகலாம். தூசி வளைவில் தங்கிவிடும். நீர் கெடவில்லை. கழுத்தை உடைத்ததும் சில நாள்களில் கெட்டது. மாறியது ஒன்றே ஒன்று, தூசி நுழைந்த வழி. 1860ல் ஆல்ப்ஸ் மலையின் மேர் த கிளாஸ் பனியாற்றில் 20 குடுவைகளைத் திறந்து மூடினார். தூசி குறைந்த அந்தக் காற்றில் ஒன்று மட்டுமே கெட்டது.

பூஷேயும் சளைக்கவில்லை. 1863ல் பிரனீஸ் மலையேறித் தம் குடுவைகளைத் திறந்தார். அவருடையவை கெட்டுப்போயின! மறு ஆண்டு அறிவியல் கழகம் குழு அமைத்தது. நிபந்தனைகளை ஏற்க மறுத்துப் பூஷே தரப்பு விலகியது. வெற்றி பாஸ்டருக்கு என்றானது.

பாடநூல்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்கின்றன. பூஷே பொய் சொல்லவில்லை. பாஸ்டர் பயன்படுத்தியது ஈஸ்ட் சாறு. பூஷே பயன்படுத்தியது வைக்கோல் ஊறிய நீர். வைக்கோலில் வாழும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது என்பதை 1870களில் கோன், டிண்டல் ஆகியோர் காட்டினர். பாஸ்டரின் முடிவு சரி. ஆனால், பூஷேயின் குடுவைகள் ஏன் கெட்டன என்ற கேள்வி பத்தாண்டுகளுக்குமேல் விடையின்றிக் கிடந்தது. அதற்கு முன்பே விடை கிடைத்திருந்தால், கொதிநீர் எல்லாக் கிருமிகளையும் கொல்லாது என்பதை மருத்துவ உலகம் சீக்கிரமே அறிந்திருக்கும்.

அவர் வாழ்க்கையில் துயரங்களும் குறைவில்லை. மூன்று மகள்களை இளவயதிலேயே இழந்தார். 1868ல் பக்கவாதம் தாக்கி இடப்பக்கம் செயலிழந்தது. அதன் பிறகும் ஆய்வைத் தொடர்ந்து, 1885ல் வெறிநாய் கடித்த ஒன்பது வயது ஜோசஃப் மைஸ்டருக்குத் தடுப்பூசி போடச் செய்தார். சிறுவன் பிழைத்தான். 1895 செப்டம்பர் 28ஆம் தேதி பாஸ்டர் மறைந்தார்.

அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் உங்கள் குழுவின் முடிவு பக்கத்து மேசையின் முடிவோடு ஒத்துப்போகவில்லை என்றால், யார் சரி என்று வாதிடுவதற்குமுன் இரு மேசைகளிலும் எது வேறுபட்டது என்று கேட்டுப் பாருங்கள். பூஷேயின் வைக்கோல் அங்கேயும் ஒளிந்திருக்கலாம்.