புல்லட் பைக்கின் பெயருக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி... அதைத் தோற்கடித்த ஜோசப் விட்வொர்த்தின் கதை!

தி.நகர் பாண்டி பஜாரில் தடதடவென ஒரு புல்லட் கடந்துபோனால், உங்கள் தலை தானாகத் திரும்பும்தானே? அதன் டேங்க்கில் இருக்கும் 'என்ஃபீல்டு' ஓர் ஊரின் பெயர். லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு உதிரி பாகங்கள் செய்துகொடுத்த கம்பெனிதான் பிறகு பைக் கம்பெனியாகி, 1955-ல் நம்ம மெட்ராஸுக்கும் வந்தது.

அந்த என்ஃபீல்டு துப்பாக்கியை, குறி பார்த்துச் சுடுவதில் ஓரம்கட்டிய ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர், ஜோசப் விட்வொர்த். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்கும் நண்பரைக் கேளுங்கள். 'விட்வொர்த் குயிக் ரிட்டர்ன் மெக்கானிசம்' என்று அரியர் ஞாபகத்தோடு பெருமூச்சு விடுவார். அவரேதான்!

தூரத்து இலக்கைச் சுடும் விளையாட்டில் ஆசை வந்து, எந்த ரைஃபிள், எந்த ஸ்கோப் என்று யூடியூபில் தேடிக்கொண்டிருப்பவரா நீங்கள்? அப்படியென்றால், இவர் வாழ்க்கையைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

அம்மா இல்லாத பையன்

1803-ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார் விட்வொர்த். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட, குடும்பம் சிதறியது. 14 வயதில் மாமாவின் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். நாளைக்கு முதலாளி ஆகலாம் என்ற வாய்ப்பு இருந்தது. ஆனால், பையனுக்கு நூலைவிட, அதை நூற்கிற மெஷின் மேல்தான் கண். சில வருடங்களில் அங்கிருந்து கிளம்பி, மான்செஸ்டரில் சாதாரண மெக்கானிக் ஆனார். பிறகு லண்டன் போய், அன்றைக்கு இயந்திரத் தொழிலின் குருகுலமாக இருந்த ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறையில் சேர்ந்தார். 1833-ல் மான்செஸ்டருக்குத் திரும்பி, சொந்தமாகப் பட்டறை போட்டார்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்குத்தான் திருகாணி செய்யும். இந்தக் கடை போல்ட் அந்தக் கடை நட்டில் ஏறாது. 1841-ல் இதற்கு ஓர் ஒழுங்கைச் சொன்னார் விட்வொர்த்: மரையின் கோணம் 55 டிகிரி, இந்த அளவு போல்ட்டுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை. நாடு முழுக்க அதை ஏற்றுக்கொண்டது. மயிலாப்பூரில் உங்கள் வீட்டு அரை இன்ச் தண்ணிக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அதன் மரை இன்றைக்கும் அந்த 55 டிகிரிதான்!

துப்பாக்கி செய்யச் சொன்னால், கொட்டகை கட்டினார்

1854. ரஷ்யாவோடு கிரிமியப் போர் ஆரம்பித்திருந்த நேரம். என்ஃபீல்டு துப்பாக்கிகளை மொத்தமாகச் செய்ய மெஷின்கள் வடிவமைத்துத் தரும்படி அரசு விட்வொர்த்திடம் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்திருப்பார்கள். இவரோ, துப்பாக்கிக் குழலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் மெஷின் செய்யமாட்டேன் என்று நின்றுவிட்டார்.

அதற்காகத் தன் வீட்டு வளாகத்திலேயே 500 கஜ நீளத்துக்கு ஒரு மூடிய கொட்டகையை எழுப்பினார். காற்று குண்டைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மூடிய ஏற்பாடு. வழி நெடுக மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்தார். ஒவ்வொரு திரையிலும் விழுந்த ஓட்டையை வைத்து, குண்டு எங்கே தலையாட்டுகிறது, எங்கே விலகுகிறது என்று தெரிந்துகொண்டார். இன்றைக்கு ஹை ஸ்பீடு கேமரா செய்கிற வேலையை அன்று காகிதத்தால் செய்தார்!

அவர் கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்ள ஒரு பம்பரம் போதும். சாட்டையை வேகமாகச் சுண்டினால், பம்பரம் அசையாமல் நின்று சுற்றும். மெதுவாகச் சுற்றினால் தள்ளாடும். குண்டும் அப்படித்தான். என்ஃபீல்டு குழலில் குண்டு ஒரு முழுச் சுற்று சுற்ற 78 அங்குலம் தேவைப்பட்டது. விட்வொர்த் அதை 20 அங்குலமாகக் குறைத்தார். குழலின் விட்டத்தை 0.577-லிருந்து 0.451 அங்குலமாக்கினார். உள்ளே வட்டத்துக்குப் பதில் அறுகோணம் வைத்து, அதில் கச்சிதமாகப் பொருந்தும்படி குண்டையும் அறுகோணமாகவே செய்தார்.

ஜெயித்தும் தோற்றார்

1857-ல் ரெண்டு துப்பாக்கிகளும் போட்டியில் இறங்கின. என்ஃபீல்டு 1,400 கஜம் வரைதான் தாக்குப்பிடித்தது. விட்வொர்த் 2,000 கஜத்திலும் இலக்கைத் தொட்டது. 2,000 கஜம் என்பது 1.8 கி.மீ. மெரினா லைட் ஹவுஸிலிருந்து விவேகானந்தர் இல்லம் ஏறக்குறைய 1 கி.மீ. என்றால், அந்தத் தூரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அதே வருடம் இங்கே, அதே என்ஃபீல்டின் தோட்டாக்களில் மாடு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறது என்ற பேச்சு பரவி, சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

ஆனால், ராணுவம் விட்வொர்த்தின் துப்பாக்கியை வேண்டாம் என்றுவிட்டது. குழல் சின்னது, கரிமருந்துப் புகை சீக்கிரம் உள்ளே அப்பிக்கொள்கிறது, விலையோ என்ஃபீல்டைப்போல நாலு மடங்கு. விட்வொர்த்துக்கு அது பெரிய அடி. யோசித்துப் பார்த்தால், ராணுவம் சொன்னதிலும் நியாயம் உண்டு. சேற்றிலும் மழையிலும் சிப்பாய் தூக்கித் திரியும் துப்பாக்கி வேறு, நிதானமாகப் படுத்துக் குறி பார்க்கும் துப்பாக்கி வேறு. சுவாரஸ்யம் என்னவென்றால், 1871-ல் அதே ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் குழல், ஏறக்குறைய விட்வொர்த் சொன்ன அதே அளவுதான்!

போட்டி மைதானமோ அவரைக் கொண்டாடியது. 1860 ஜூலை 2-ம் தேதி, விம்பிள்டனில் தேசிய ரைஃபிள் போட்டியைத் தொடங்கிவைத்தார் விக்டோரியா மகாராணி. தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைஃபிளின் விசையில் பட்டுக் கயிறு கட்டியிருந்தது. மகாராணி அதை இழுக்க, 400 கஜத்தில் இருந்த இலக்கின் மையத்திலிருந்து வெறும் ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பாய்ந்தது. தூரத்து இலக்கைச் சுடுவது ஒரு விளையாட்டாகப் பிரபலமானது இங்கிருந்துதான்.

ஸ்கோப் வந்த கதை

இந்த ரைஃபிள்கள் சிலவற்றின் இடது பக்கத்தில் ஒரு குட்டித் தொலைநோக்கி ஏறியது. அதை வடிவமைத்த டேவிட் டேவிட்சன், இந்தியாவில் பம்பாய் ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குழலும் குண்டும் சரியான பிறகுதான் ஸ்கோப்புக்கு வேலையே வந்தது. ஸ்கோப் இலக்கைக் கிட்டத்தில் காட்டும், அவ்வளவுதான். குண்டை அது நேராக்காது.

கதையில் இருண்ட பக்கமும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இந்த ரைஃபிள்களை வாங்கிப் பயன்படுத்தியது, அடிமை முறையைக் காப்பாற்றப் போராடிய தென் மாநிலங்களின் படை. துல்லியம் ஒரு திறமை மட்டும்தான், அது யார் பக்கம் நிற்கிறது என்பதைத் துப்பாக்கி முடிவு செய்வதில்லை.

விட்வொர்த் 1887-ல் மான்டி கார்லோவில் இறந்தார். பிள்ளைகள் இல்லை. 1868-லேயே இளம் மெக்கானிக்குகளின் படிப்புக்காக அவர் தொடங்கிய உதவித்தொகை இன்றும் வழங்கப்படுகிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், கடைக்குப் போகாதீர்கள், கிளப்புக்குப் போங்கள். நம் நாட்டில் ரைஃபிள் வைத்திருக்க 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். பயிற்சியாளரின் கண் முன்னால் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஆரம்பிப்பதுதான் நல்ல வழி. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது என்பது தெரியுமா? சின்னத் துளை வழியாகப் பார்த்துத்தான் அத்தனை பேரும் சுடுகிறார்கள்.

பிறகு ஒருநாள் நீண்ட தூரத்துக்குப் போனால், விட்வொர்த் வரிசையிலேயே யோசியுங்கள். முதலில் நல்ல குழல். அடுத்து, அந்தக் குழலின் சுற்றுக்குப் பொருத்தமான எடையுள்ள குண்டு. மூன்றாவதுதான் ஸ்கோப். அதிலும் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறது என்பதைவிட, ஆடாமல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். எல்லாவற்றுக்கும் மேல், சுட்ட ஒவ்வொரு ஓட்டையையும் நோட்டில் குறித்துவையுங்கள். காகிதத் திரைகளில் ஓட்டை எண்ணிய அந்த மெக்கானிக், சந்தையிலேயே விலை உயர்ந்த பொருளைத் தேடி அலையவில்லை. எங்கே தவறுகிறது என்று அளந்து பார்த்தார். அதற்கு லைசென்ஸும் வேண்டாம், இ.எம்.ஐ-யும் வேண்டாம்!