சல்லிவனின் சிலையும் அவர் எழுப்பிய கேள்வியும்

உதகமண்டலத்தைப் பற்றிப் பேசும் எவரும் ஜான் சல்லிவனின் பெயரைக் குறிப்பிடாமல் கடந்து செல்வதில்லை. 2022 மே மாதம், நகரின் 200-ஆவது ஆண்டையொட்டி, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவரது சிலையை உதகையில் திறந்துவைத்தார். நகரை உருவாக்கியவர் என்ற பெருமையோடு அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இன்றைய நிர்வாகம் கற்க வேண்டிய பகுதி அதற்குப் பிறகே தொடங்குகிறது என்பது என் கருத்து.

1788-இல் இங்கிலாந்தில் பிறந்த சல்லிவன், 1804-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நிர்வாகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 30 வயதை எட்டும் முன்பே கோவை மாவட்ட ஆட்சியரானார். நீலகிரி அப்போது கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1818-இல் அவருடைய உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி ஆகிய இருவர் மலையேறித் திரும்பினர். அவர்கள் சொன்ன செய்தியைக் கேட்டு, 1819 ஜனவரியில் சல்லிவன் தாமே சிறுமுகை வழியாக மேலே சென்றார். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் முதல் வீட்டைக் கட்டினார். 1823-இல் சிறுமுகையிலிருந்து மலைக்குப் பாதை அமைந்தது. இதற்கிடையே உதகையில் அவர் எழுப்பிய கல்வீடு, இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. 1823-க்கும் 1825-க்கும் இடையில் உதகை ஏரியை உருவாக்கினார். ஐரோப்பியக் காய்கறிகளும் பழமரங்களும் மலையில் வேரூன்ற வழிசெய்தார்.

இவை அனைவரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதது, அவர் நில உரிமை குறித்து நடத்திய வழக்காடல். மலைமேட்டின் புல்வெளிகள் தோடர்களுக்கே முழு உரிமையுடையவை, அவற்றைப் பிறர் எடுத்துக்கொள்வதாயின் அரசு உரிய இழப்பீடு வழங்கியாக வேண்டும் என்று அவர் கம்பெனி அரசிடம் திரும்பத் திரும்ப வாதிட்டார். எருமை மேய்த்து வாழ்ந்த, எழுத்தில் ஓர் ஆவணமும் வைத்திராத ஒரு சிறு சமூகத்துக்காக, ஆட்சியதிகாரத்தில் இருந்த ஒருவர் தம்முடைய மேலிடத்தையே எதிர்த்து எழுதினார் என்பது அக்காலத்தில் சாதாரணச் செயல் அன்று.

ஆளுநர் தாமஸ் மன்றோ இருந்தவரை அவருக்கு ஆதரவு இருந்தது. 1826-இல் மன்றோ உதகைக்கு வந்து சல்லிவனின் விருந்தினராகவே தங்கினார். மறு ஆண்டு மன்றோ மறைந்தார். அதன்பின் ஆளுநராக வந்த ஸ்டீபன் லஷிங்டன், உதகையை ஐரோப்பியப் படையினர் உடல்நலம் தேறும் இடமாக மாற்ற விரும்பினார். சல்லிவனின் அதிகாரம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1830-இல் நீலகிரியின் பெரும்பகுதி கோவையிலிருந்து பிரிக்கப்பட்டு மலபார் மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. தாம் உருவாக்கிய ஊர் மீது அவருக்கு ஒரு பொறுப்பும் இல்லாமற்போயிற்று. தோடர்களின் நில உரிமை பற்றிய அவருடைய வாதத்தைக் கம்பெனி முழுமையாக ஏற்கவும் இல்லை.

இவ்வளவையும் படிக்கும்போது அவரை மாசற்ற வீரராகக் காட்டத் தோன்றும். அதற்கு இடம் கொடுக்காத இன்னோர் உண்மை உண்டு. 1820-களின் இறுதியில், உதகையில் குடியேறிய மற்ற ஐரோப்பியர் அனைவரிடமும் இருந்த நிலத்தைவிடப் பல மடங்கு நிலம் சல்லிவன் ஒருவரிடம் இருந்தது. தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்ற விலையில் அவர் நிலம் பெற்றார். நிலம் தோடர்களுடையது என்றால், அவர்களிடமிருந்து அவர் வாங்கியது செல்லும். அரசுடையது என்றால், செல்லாது. ஆகவே அவர் முன்வைத்த நியாயமும் அவருடைய சொந்த நலனும் ஒரே திசையில் சென்றன. நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், அதைத் தீர்மானிக்கும் அதிகாரியே அதனால் பயனடைபவராகவும் இருக்கக் கூடாது என்கிற பாடத்தை இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இன்று இந்திய ஆட்சிப் பணி அதிகாரிகள் தம் அசையாச் சொத்து விவரத்தை ஆண்டுதோறும் அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதியின் உள்ளே இருப்பது இந்த அறிவுதான்.

1838-இல் அவர் மனைவி ஹென்ரியேட்டாவும் மகள் ஹாரியட்டும் இறந்தனர். இருவரும் உதகை புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டனர். அந்தத் தேவாலயம், சல்லிவனை ஒதுக்கிய லஷிங்டனின் முயற்சியில் எழுந்தது. 1841-இல் இந்தியாவை விட்டுச் சென்ற சல்லிவன் அங்கும் ஓயவில்லை. இந்தியச் சிற்றரசுகளைக் கம்பெனி விழுங்குவதைக் கண்டித்து எழுதினார். 1853-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சீர்திருத்தச் சங்கத்தில் பங்கெடுத்தார். 1855 ஜனவரியில் மறைந்தார்.

அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், எழுத்து ஆவணம் இல்லாத பழங்குடியினரின் உரிமையையும் சான்றுகளின் அடிப்படையில் ஏற்கச் சொல்கிறது. அந்த உரிமையைத் தீர்மானிக்கும் நடைமுறையைக் கிராம சபையில் தொடங்குகிறது. இறுதி முடிவெடுக்கும் மாவட்டக் குழுவுக்கு ஆட்சியரே தலைவர். சல்லிவன் மனு எழுதிக் கேட்டதை, அவரைப் போன்ற பதவியில் இருப்பவர் இன்று சட்டப்படி செய்து தர முடியும். ஆகவே, காலம் தாழ்ந்தால் மேலிடத்தை மட்டும் குறை சொல்லித் தப்ப இயலாது.

மலையின் சுமையும் அன்றைப்போல் இல்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலச்சரிவுகளால் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வாகன நெரிசலைத் தாங்க முடியாமல், 2024 மே 7 முதல் உதகை, கொடைக்கானல் செல்ல இ-பாஸ் கட்டாயமாயிற்று. அதையும் அரசு தானாகச் செய்யவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. வருவோரைக் கட்டுப்படுத்த நீதிமன்றம் போதும். மலைச்சரிவில் எழும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அனுமதி தந்தவர் யார், எந்த ஆய்வின் பேரில் தந்தார் என்பதைச் சொல்லும் கடமை நிர்வாகத்துக்குரியது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, இத்தகைய விவரங்களை எவரும் கேட்பதற்கு முன்பே வெளியிடச் சொல்கிறது. வன உரிமை மனுக்கள் எத்தனை வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, மறுக்கப்பட்டவற்றுக்குக் காரணம் என்ன என்ற பட்டியலும், கட்டட அனுமதிகளின் பட்டியலும் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். அதற்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. சல்லிவனுக்குச் சிலை வைத்த அரசு, இந்த இரண்டு பட்டியல்களையும் வெளியிட்டால் அவருக்குச் செய்த மரியாதை முழுமை பெறும்.